பெரிய தரவுத்தளத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

2017 ஜனவரி 31. நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப இருந்தார். அவருடைய ஊரில் இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனால் மாலையிலிருந்தே தரவுத்தளம் திணறிக்கொண்டிருந்தது. ஸ்பேம் கணக்குகளால் சுமை ஏறியிருந்தது. முதன்மைச் சர்வரின் நகலாக ஓடிக்கொண்டிருந்த துணைச் சர்வர் பின்தங்கிப்போய், நகலெடுப்பே நின்றுவிட்டது. சரி, இதை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார்.

துணைச் சர்வரைக் காலி செய்துவிட்டு, முதன்மையிலிருந்து புதிதாக நகலெடுக்க முயன்றார். நகலெடுக்கும் கருவி எந்தச் செய்தியும் காட்டாமல் அப்படியே நின்றது. உண்மையில், முதன்மைச் சர்வர் தரவை அனுப்பத் தொடங்கட்டும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கருவி அப்படிப் பேசாமல் நிற்கும் என்ற விவரம் அவர்களுடைய கையேட்டில் இல்லை. முந்தைய முயற்சியில் உருவான கோப்புகள் இடைஞ்சல் செய்கின்றன போலிருக்கிறது என்று நினைத்து, தரவுக் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். துணைச் சர்வரில் ஓட வேண்டிய கட்டளை முதன்மைச் சர்வரில் ஓடியது. ஓரிரு நொடியில் தவறு உறைத்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது. மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

இரண்டு கறுப்புத் திரைகளை அடுத்தடுத்துத் திறந்துவைத்து வேலை பார்த்த யாருக்கும் இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். அந்தப் பொறியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் திரும்பத் திரும்பப் படித்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

பேக்அப்பைத் தேடினார்கள். தினமும் அமேசான் சேமிப்பகத்தில் போய் விழ வேண்டிய பேக்அப் அங்கே இல்லை. இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் ஓடியது போஸ்ட்கிரஸ் என்ற மென்பொருளின் 9.6ஆம் பதிப்பில், பேக்அப் எடுக்கப் போன நிரலோ 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் முறைப்படி கையொப்பமிடப்படாததால், பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படாமல் போயின. டிஸ்க் அந்த நொடியில் இருந்தபடியே நகலெடுத்துவைக்கும் அஸ்யூர் ஸ்னாப்ஷாட் வசதியைக் கோப்புச் சர்வர்களுக்குப் போட்டிருந்தார்கள், தரவுத்தளச் சர்வர்களுக்குப் போடவில்லை. கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். சுமார் ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்று கையில் இருந்தது. அதைச் சோதனைச் சர்வரின் மெதுவான டிஸ்கிலிருந்து இழுத்துவந்து தளத்தை நிமிர்த்தச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. நிரல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்ட் விவரங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் திரும்ப வரவில்லை.

கிட்லேப் நடந்ததை ஒளிக்கவில்லை. மீட்பு வேலையையே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டார்கள். அதில் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே காரணத்தின் வேர் வரைக்கும் போகும் பகுதி ஒன்று உண்டு. பேக்அப்பிலிருந்து மீட்கும் முறையை ஏன் அவ்வப்போது சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் இதுதான்: அந்த வேலைக்கு உரியவர் என்று யாரும் இல்லை, ஆகவே சோதிப்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை.

அந்தப் பதிலை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அங்கே திறமைசாலிகளுக்குக் குறைவில்லை. பேக்அப், நகலெடுப்பு என்று ஐந்து வழிகள் காகிதத்தில் இருந்தன. இது என் வேலை என்று காலையில் எழுந்ததும் நினைக்கிற ஓர் ஆள் இல்லை. அந்த ஆளைத்தான் நாம் டிபிஏ என்கிறோம், தரவுத்தள நிர்வாகி.

ஒருவர் அறிந்திருக்க வேண்டும்

டிபிஏ என்றால் அனுமதி கொடுப்பவர், பாஸ்வேர்டு மாற்றித் தருபவர், எதைக் கேட்டாலும் முடியாது என்பவர் என்ற எண்ணம் பல அலுவலகங்களில் இருக்கிறது. இந்த வேலை எதற்காகத் தேவைப்படுகிறது என்று புரிய வேண்டுமானால் 1970க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கோட், தொடர்புசார் தரவு மாதிரி பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பல பேர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகள் பற்றியது என்பதை அதன் தலைப்பே சொல்லும். அவர் எடுத்த எடுப்பிலேயே வைத்த கோரிக்கை: தரவு கணினிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. அதற்கு முன்பெல்லாம் நிரல் எழுதுபவர், எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குத் தாவ வேண்டும் என்று வழி முழுவதையும் தானே போட வேண்டியிருந்தது. கோட் காட்டிய பாதையில் எஸ்கியூஎல் என்ற கேள்வி மொழி வந்த பிறகு, 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்டால் போதும் என்றானது. எப்படித் தேடி எடுப்பது என்பது தரவுத்தளத்தின் பாடு. இதற்காக அவருக்கு 1981இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது.

இன்று கோடிக்கணக்கான நிரலாளர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அது அவர் தந்த கொடை. ஆனால் உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லோரும் அதை மறந்துவிட்டு வேலை பார்க்க வேண்டுமானால், யாராவது ஒருவர் அதை மறக்காமல் இருக்க வேண்டும். சின்னத் தரவுத்தளத்தில் இந்த ஒருவர் இல்லாவிட்டாலும் வண்டி ஓடிவிடும். பெரியதில் ஓடாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு டேபிளில் 1 லட்சம் பதிவுகள், பதிவுக்கு 100 பைட். மொத்தம் 10 எம்பி. இண்டெக்ஸ், அதாவது எந்தப் பதிவு எங்கே என்று காட்டும் அட்டவணை, இல்லாமல் முழு டேபிளையும் படித்தாலும், நொடிக்கு 500 எம்பி தரும் டிஸ்கில் அது கண் சிமிட்டும் நேரம். அதே டேபிள் 100 கோடி பதிவுகளாக வளர்ந்தால் 100 ஜிபி. ஒருமுறை படிக்க 200 நொடி. அதுவும் டிஸ்க் வேறு யாருக்கும் வேலை செய்யாமல் நமக்காகவே காத்திருந்தால்! சரியான இண்டெக்ஸ் இருந்தால் அதே 100 கோடியில் ஒரு பதிவைக் கண்டுபிடிக்க நான்கைந்து பக்கங்களைப் புரட்டினால் போதும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சோதனைச் சர்வரில் பத்தாயிரம் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இண்டெக்ஸ் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. அதைப் பயன்படுத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது தரவுத்தளத்துக்குள் இருக்கும் ஆப்டிமைசர். 1979இல் ஐபிஎம்மின் பட்ரீசியா செலிங்கரும் குழுவினரும் வகுத்துத் தந்த வழியில்தான் இன்றும் அது யோசிக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் கணக்கு நிற்பது புள்ளிவிவரத்தின் மேல்: டேபிளில் எத்தனை பதிவுகள், எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது, மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது. புள்ளிவிவரம் பழசாகிவிட்டால் கணக்கு தப்பும். கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு மாதத்தின் ஒண்ணாம் தேதி காலை, வழக்கமாகச் சில நொடிகளில் முடிகிற பில்லிங் ரிப்போர்ட் நாற்பது நிமிடம் ஆகியும் முடியவில்லை. அப்ளிகேஷன் குழு சர்வரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தது. நெட்வொர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள். நிரலில் எதையும் மாற்றவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள், அது உண்மைதான். எங்கள் குழுவின் மூத்த டிபிஏ, எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா, வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குவெரி பிளானை, அதாவது ஆப்டிமைசர் தேர்ந்தெடுத்த வழியை, மட்டும் எடுத்துப் பார்த்தார். ஆப்டிமைசர் எதிர்பார்த்த பதிவுகள் 1. உண்மையில் வந்தவை 18 லட்சம்.

"ராத்திரி லோடு முடிஞ்சதும் ஸ்டாட்ஸ் எடுத்தீங்களா தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இரவில் புதிய தரவை மொத்தமாக ஏற்றுவதுதான் லோடு, ஸ்டாட்ஸ் என்பது அந்தப் புள்ளிவிவரம். நான் எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். புள்ளிவிவரம் கடைசியாக எடுக்கப்பட்டபோது டேபிளில் இருந்த மிகப் பெரிய தேதி 30. ஒண்ணாம் தேதிப் பதிவுகளைக் கேட்டதும், அப்படி ஒன்றும் இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டுதான் என்று ஆப்டிமைசர் நினைத்துக்கொண்டது. ஒரே ஒரு பதிவு வரும் என்றால், அதற்கான வாடிக்கையாளரை இண்டெக்ஸில் போய்த் தேடி எடுப்பது சிறந்த வழி. 18 லட்சம் வந்தால் அந்த வழியில் 18 லட்சம் முறை போய்த் தேட வேண்டும். அக்கா ஸ்டாட்ஸ் எடுக்கச் சொன்னார். பிளான் தானாக மாறியது. ரிப்போர்ட் ஆறு நொடியில் முடிந்தது.

இதைச் சொன்னது அந்த ஆறு நொடிக்காக இல்லை. அன்று மதியமே அவர் எங்கள் இரவு லோடின் கடைசிப் படியாக ஸ்டாட்ஸ் எடுப்பதைச் சேர்த்தார். தேதி ஏறிக்கொண்டே போகிற, இதே குணமுள்ள இன்னும் ஏழு டேபிள்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவற்றில் எதுவும் அப்போது புகார் சொல்லவில்லை. கட்டளைகளைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். இன்று வலிக்காத அந்த ஏழு இடங்களைக் காட்டத் தெரிந்தவரைத்தான் நான் திறமையான டிபிஏ என்பேன்.

பூட்டும் எண்ணும்

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிமாற்றங்கள் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. சராசரி போட்டால் நொடிக்கு 3,700க்கு மேல். இவை ஒரே தரவுத்தளத்தில் நடப்பவை அல்ல. பல வங்கிகளின் பல அமைப்புகளில் பரவிக் கிடப்பவை. இருந்தாலும் ஐந்து நொடி நிற்பது என்றால் என்ன பொருள் என்பதை உணர இந்த எண் உதவும். கடைவாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேல்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிக் கட்டளைதான். போஸ்ட்கிரஸில் அந்தக் கட்டளைக்கு டேபிளின் முழுப் பூட்டு வேண்டும், அதாவது வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, நொடியின் சிறு பகுதி நேரத்துக்காவது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவருடைய நீண்ட ரிப்போர்ட் அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால், நம் கட்டளை அது முடியும்வரை காத்திருக்கும். அது மட்டும் காத்திருந்தால் பரவாயில்லை. அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு சின்னக் குவெரியும் நம் கட்டளைக்குப் பின்னே வரிசையில் நிற்க ஆரம்பிக்கும். குறுகலான பாலத்தில் ஒரு மாட்டு வண்டி மெதுவாகப் போகிறது, எதிரே போக வேண்டிய பெரிய லாரி பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது, லாரிக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. கட்டளையும் தவறில்லை, ரிப்போர்ட்டும் தவறில்லை. இரண்டும் சந்தித்த நேரம்தான் தவறு. அனுபவமுள்ளவர் காத்திருக்கும் நேரத்துக்கு இரண்டு நொடி என்று வரம்பு வைப்பார். கிடைக்காவிட்டால் விலகிக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வார். அமைப்பில் ஒரு சின்ன மாற்றம். செய்யும் முறையில் அவ்வளவு பக்குவம்.

எண்களின் கதை இன்னும் விநோதமானது. ஒவ்வொரு பதிவுக்கும் தரும் வரிசை எண்ணைச் சாதாரண முழு எண்ணாக வைத்தால், அது போகக்கூடிய உயரம் 2,14,74,83,647. முதல் நாள் டேபிளை உருவாக்கும்போது இருநூறு கோடியாவது வருவதாவது என்றுதான் யாருக்கும் தோன்றும். 2018 நவம்பர் 8 அன்று, குழுக்கள் தங்கள் வேலைகளை ஒருங்கிணைக்கப் பயன்படுத்தும் பேஸ்கேம்ப் சேவையின் நிகழ்வுகள் டேபிள் அந்த எண்ணைத் தொட்டது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்களால் பழையதைப் பார்க்க முடிந்ததே தவிர, புதிதாக எதையும் எழுத முடியவில்லை.

போஸ்ட்கிரஸுக்குள்ளேயே இதுபோல் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது ஓர் எண் கொடுக்கும். 32 பிட் எண், சுற்றி வரக்கூடியது. கடிகார முள்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பரிவர்த்தனை முன்னது, எது பின்னது என்று குழம்பாமல் இருக்க வேண்டுமானால், பழைய பதிவுகளின் எண்களை வேக்யூம் என்ற பின்னணி வேலை போய்த் துடைத்து உறையவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடைப்பது பின்தங்கி, இடைவெளி சுமார் 200 கோடியை நெருங்கினால், பழைய தரவு காணாமல் போவதைத் தடுப்பதற்காகப் போஸ்ட்கிரஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். 2015 ஜூலையில், மென்பொருள் பிழைகளைக் கண்காணித்துத் தரும் சென்ட்ரி நிறுவனத்துக்கு இது நடந்தது. 2019 பிப்ரவரியில், நிறுவனங்களின் மின்னஞ்சல்களை அனுப்பித் தரும் மாண்ட்ரில் சேவைக்கும் நடந்தது. அவர்கள் ஒரு நாளுக்கும் மேல் தவித்தார்கள். இரண்டுமே தொழில்நுட்பத்தில் கைதேர்ந்தவர்கள் நடத்தியவை என்பதை மறக்கக் கூடாது. நொடிக்கு இருநூறு எழுதும் ஒரு தரவுத்தளத்துக்கு அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். சுமை ஏற ஏற நாட்கள் சுருங்கும். வேக்யூம் போய்ச் சேருவதற்குள் எண் போய்ச் சேர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத் தினமும் யாராவது அளந்தால்தான் தெரியும். பயனர் பக்கத்திலிருந்து பார்த்தால், நிற்கிற நிமிடம் வரைக்கும் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

விழுந்த பிறகு எழுவது

தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்? பாதி எழுதிய பரிவர்த்தனை பாதியிலேயே நிற்கும். இருந்தும் மறுபடி ஆன் செய்தால் நம் கணக்கு சரியாகவே இருக்கிறது. இதற்குப் பின்னால் இருக்கும் முறைகளில் மிகவும் புகழ்பெற்றது ஏரிஸ். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய சி. மோகன். 1992இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் கருத்துகள்தான் டிபி2, எஸ்கியூஎல் சர்வர் போன்ற தரவுத்தளங்களின் மீட்பு முறைக்கு அடித்தளம். தரவை மாற்றும் முன் என்ன மாற்றப் போகிறோம் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். விழுந்து எழுந்ததும் பதிவேட்டைப் படித்து, நடந்ததை அப்படியே மறுபடி நடத்திக்காட்டி, முடியாமல் நின்றவற்றை மட்டும் திருப்பி எடுக்க வேண்டும். நம் ஊரில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை ஆசிரியர்கள் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரே சர்வர் விழுந்து எழுவதை இந்த முறை பார்த்துக்கொள்ளும். இரண்டு ஊர்களில் இரண்டு சர்வர்கள், இரண்டுமே நான்தான் முதன்மை என்று நினைத்துக்கொண்டால்? அங்கே பதிவேடு மட்டும் போதாது, மனிதர் முடிவெடுக்க வேண்டும்.

2018 அக்டோபர் 21 அன்று, கிட்லேப் போலவே நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப்பில் அதுதான் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் பழுதான ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றும்போது இணைப்பு 43 நொடி துண்டானது. அந்த 43 நொடிக்குள், தானியங்கி ஏற்பாடு மேற்குக் கடற்கரையில் இருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளச் சர்வர்களை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் கடைசிச் சில நொடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்கு வந்து சேரவில்லை. மேற்கிலோ புதியவை எழுதப்பட ஆரம்பித்துவிட்டன. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு. மிகவும் பரபரப்பான ஒரு சர்வர் தொகுதியில் அப்படிச் சிக்கிக்கொண்ட எழுத்துகள் 954.

ஒரு பக்கத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் தளம் சீக்கிரம் சரியாகியிருக்கும். பயனர்களின் தரவு முக்கியம், தளம் எவ்வளவு நேரம் நொண்டினாலும் பரவாயில்லை என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். பல டெராபைட் பேக்அப்பை மீட்டு, நகல்களை ஒன்றோடொன்று சேர்த்து, மெதுவாகக் கிழக்குக்குத் திரும்பினார்கள். மொத்தம் 24 மணி 11 நிமிடம். 43 நொடிக்கு ஒரு நாள் என்று கேட்டால் கேவலமாகத் தோன்றும். எனக்கு அது மரியாதைக்குரிய முடிவாகத் தெரிகிறது. உலகமே கத்திக்கொண்டிருக்கும்போது அவசரப்படாமல் இருப்பதற்கு, எந்த வழியில் எவ்வளவு நேரம் பிடிக்கும், எதை இழந்தால் திரும்ப வராது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதை அந்த இரவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

இப்போதுதான் சர்வரை இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கிளவுட் வந்துவிட்டதே, டிபிஏ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அமேசான் 2009இல் தரவுத்தளத்தை வாடகைக்குத் தர ஆரம்பித்தது. பேட்ச் போடுவது, தினசரி பேக்அப், ஒரு சர்வர் விழுந்தால் மற்றதை எழுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இது உண்மையிலேயே பெரிய நிம்மதி. இந்த வேலைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அலுவலகம் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் மேலே சொன்னவற்றைத் திரும்பிப் பாருங்கள். பழைய புள்ளிவிவரத்தால் தப்பிய குவெரி பிளான், பாலத்தை அடைத்த லாரி, தீர்ந்துபோன எண் ஆகிய மூன்றும் கிளவுடிலும் அப்படியே நடக்கும். ஒருவர் தவறாக அழித்துவிட்டால் அந்த அழிப்பும் சில நொடிகளில் நகலுக்குப் போய்ச் சேரும், ஏனென்றால் நகலின் வேலையே அதுதான். ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட சர்வர் சில நிமிடங்களில் தயார் என்று திரையில் பச்சை காட்டும். தரவு முழுதும் அப்போது உள்ளே வந்திருக்காது. கேட்கக் கேட்கத்தான் சேமிப்பகத்திலிருந்து இழுத்து வரும். ஆகவே முதல் சில மணி நேரம் தளம் ஊர்ந்துதான் போகும். இதை முன்பே தெரிந்தவர் முக்கியமான டேபிள்களை ஒருமுறை படிக்கவைத்துவிட்டு அப்புறம் கதவைத் திறப்பார். தெரியாதவர் பச்சையைப் பார்த்ததும் திறந்துவிடுவார்.

செலவையும் சொல்ல வேண்டும். கிளவுடில் மெதுவாக இருக்கிறது என்றால் அடுத்த அளவு இயந்திரத்துக்கு மாற ஒரு பொத்தான் போதும். ஓர் இண்டெக்ஸ் போட்டால் தீர்ந்திருக்க வேண்டியது, மாதாமாதம் இரட்டிப்பு பில்லாக வந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஒருவர் தன் சம்பளத்தை அதிலேயே சம்பாதித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் அவருடைய மதிப்பு பெரும்பாலும் கணக்கில் ஏறாத இடத்தில்தான் இருக்கிறது என்பதால், நிர்வாகத்துக்கு அதைக் காட்டுவது கடினம். நம் ஊர் ஏரிகளுக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மழை இல்லாத நாட்களில் அவர் கரையில் நடந்துகொண்டிருப்பதைத்தான் ஊர் பார்க்கும். கரையில் எங்கே நண்டு வளை, எந்த மடை இறுகிப்போயிருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டு நடப்பது ஊருக்குத் தெரியாது. அவருக்குக் கொடுக்கும் நெல்லைக் குறைத்தால் அந்த வருடமே ஒன்றும் ஆகிவிடாது.

கிட்லேப் தன் அறிக்கையின் முடிவில், செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டது. எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று சட்டென்று தெரியும்படி திரையின் முகப்பை மாற்றுவது, ஸ்னாப்ஷாட்டை நாளுக்கு ஒருமுறை என்பதிலிருந்து மணிக்கு ஒருமுறை ஆக்குவது, பேக்அப்பை மீட்டுப் பார்ப்பதைத் தானாகச் சோதிப்பது. அவற்றோடு, தரவு நிலைத்திருப்பதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும் அதில் இருந்தது.

எங்கள் அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, முந்தைய நாள் பேக்அப்பை ஒரு உபரிச் சர்வரில் ரெஸ்டோர் செய்வார். முக்கியமான டேபிள்களில் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதி அடியில் கோடு போடுவார். முதல் பக்கத்தில் 2 மணி 40 நிமிடம் என்று இருந்தது. மூன்று வருடத்தில் அது 9 மணி நேரத்தைத் தொட்டது. தரவு வளர்வது எல்லோருக்கும் தெரியும். அது வளர்ந்தால் மீட்கும் நேரமும் வளரும் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது. நாங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்த வாக்கு, எது விழுந்தாலும் நான்கு மணி நேரத்தில் எழுவோம் என்பது.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "சார், இன்னைக்குக் காலைல விழுந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்போம். இதுல எழுதியிருக்கு, பாருங்க" என்றார். மேலாளர் பக்கங்களைப் புரட்டினார். அவர் கேட்ட ஒரே கேள்வி, இதை எப்போதிலிருந்து எழுதுகிறீர்கள் என்பது. இரண்டு மாதத்தில் பழைய வருடங்களின் தரவைத் தனியாகப் பிரித்து வைத்தோம், வேகமான டிஸ்க் வந்தது, பேக்அப்பை ஒரே கோடாக ஓடவிடாமல் பல இழைகளாகப் பிரித்தோம். 3 மணி 10 நிமிடம்.

அதற்கு அடுத்த வருடம் அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறிப் போனார். கடைசி நாள் மாலை அந்த நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, "முதல் சனிக்கிழமை, மறக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த மாதம் நான் எழுதிய முதல் வரி இப்போதும் நினைவிருக்கிறது: தொடங்கியது 6:05, முடிந்தது 9:30, எண்ணிக்கை சரி.